பொன்மலர் எலிகன்ஸ் உட்கார்ந்தது

பொன்மலர் எலிகன்ஸ் உட்கார்ந்தது ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, பால்காரர் இரண்டாம் நடை வந்து போன பிறகும் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்பும், மதுரை வெயில் கொஞ்சம் மனம் இரங்கி ஜனங்கள் வாசலுக்கு வர ஆரம்பிக்கிற நேரத்தில். மேலே நாலு மாடியும் கீழே கார் நிறுத்துவதற்கான தூண்களுமாக இரண்டு வருஷம் எங்கள் பூவரச மரத் தெருவில் விறைத்துக்கொண்டு நின்ற அந்தக் கட்டிடம், முதலில் மூன்று தடவை நெட்டி முறிக்கிற சத்தம் போட்டது. தூண்களுக்கு நடுவே படுத்திருந்த நாய்கள் எழுந்து சோம்பல் முறித்து வெளியே வந்தன. வாட்ச்மேன் சவரிமுத்துவும் ஏதோ தோன்றி டீ குடிக்க வெளியே வந்தார். தூண்களுக்கு நடுவே யாரும் மிச்சமில்லையே என்று பார்த்துக்கொண்ட பிறகு, அது தன் இருபத்து நாலு தூண்களையும் முட்டியில் மடக்கி, கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பெண்பிள்ளை மாதிரி நிதானமாக இறங்கி, தெருவோடு தெருவாக உட்கார்ந்தது. மூன்றாம் மாடியில் அடுப்பிலிருந்த பால்கூடத் தளும்பவில்லை.

இதைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எதிர்ச் சாரியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் காசிராஜன்தான் நேருக்கு நேர் பார்த்தவர். அவர் கையிலிருந்த பெட்டியைச் சட்டை கருகிவிடாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் பேசினார்.

“ரெண்டு வருசமா ஒரே நிலையில நிக்குது. கால் கடுக்காதா?”

“கடுக்கத்தான செய்யும்” என்றார் சவரிமுத்து, டீ கிளாஸும் கையுமாக.

அவ்வளவுதான் விசாரணை. அடுத்த நாள் வேறு ஊர்களிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் எல்லாரிடமும் இதையே சொன்னோம். அவர்களுக்கு அது போதவில்லை. நிலநடுக்கமா, மண் சரியில்லையா, கம்பி சரியில்லையா என்று குடைந்தார்கள். உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பது என்ன பழக்கமோ தெரியவில்லை.

நின்ற காலத்தில் அது பார்க்க எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருப் பக்கம் ஓர் இரும்பு கேட்டு, அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டில் இரண்டு கார், கார்களுக்குப் பக்கத்தில் கரண்டு மீட்டர் பெட்டிகள், அதற்கு மேலே சுவரில் கழிவுக் குழாய்கள், குழாய்களுக்கு நடுவே ஏசி பெட்டிகள் தெருவைப் பார்த்து அனல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். மனுஷ முகம் ஒன்று பார்க்க வேண்டும் என்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். இதை வரைந்த இன்ஜினியர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊரில் பதினோரு இடத்தில் பதினோரு கட்டிடத்தை நிறுத்தியவர் அவர். முதலில் காரை நிறுத்து, மிச்சமிருக்கிற இடத்தில் மனுஷனை நிறுத்து என்பது அவருடைய தொழில் தர்மம். விளம்பரப் படத்தில் அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் புல்வெளியும் வெளிநாட்டு ஜாடையில் ஒரு குடும்பமும் இருந்தன. எங்கள் காசிராஜனின் வண்டியை அதில் காணவில்லை.

இதில் அதிகம் பறிகொடுத்தவள் தமயந்தி. நாற்பத்து நாலு வயது, ஜாக்கெட் தைப்பவள்; கல்யாணம் என்பதை நாலு மாதம் முயற்சி செய்து பார்த்துவிட்டு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, தெருவைப் பார்த்த முன்னறையில் மெஷினைப் போட்டு இருபது வருஷம் ஓட்டியவள். அந்த வீடு இருந்த இடத்தில்தான் பொன்மலர் எலிகன்ஸ் எழும்பியது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து இடத்தைக் கட்டுகிறவரிடம் கொடுத்தபோது, அவள் பங்குக்கு முதல் மாடியில் தெருப் பக்கத்து வீடு வந்தது. வீடு நல்ல வீடுதான். ஆனால் போர்டு மாட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் கேட்டில் நின்று நோட்டில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க, எதற்காக என்று எழுத வேண்டும் என்றார்கள்.

“ஒரு கொக்கி வைக்கிறதுக்குக் கையெழுத்தாம்ல!” என்று மீன்கடை ஜெயராணி கேட்டிலிருந்தே திரும்பிப் போனாள். தமயந்தியிடம் வருகிறவர்கள் எல்லாம் காய் வாங்கப் போகிற வழியில், பிள்ளையைக் கூப்பிடப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்று, அக்குளைப் பிரித்துவிடு, கழுத்தை இறக்காதே என்று சொல்லி, அப்படியே அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவர்கள். மாடி ஏறி மணி அடித்துக் கதவு திறக்கக் காத்திருக்கிற வேலை அது இல்லை. இரண்டு வருஷத்தில் அவளுடைய மெஷின் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் அதிகம் என்று ஆகிவிட்டது. திருப்பூரில் இருக்கும் அண்ணன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பேசி வைத்திருப்பதாகவும் ஐப்பசி பிறந்ததும் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தமயந்தியும் சரி என்றுவிட்டாள். தெருவில் உள்ள அத்தனை பெண்களின் தோளும் அவளுக்கு மனப்பாடம். இவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அவளுக்கு இந்த வருஷம் சதை போட்டிருக்கிறது என்று பால்கனியில் நின்று தலை தலையாகப் பார்த்துக்கொண்டே, இந்தத் தோள்களை விட்டுவிட்டு ஊர் பேர் தெரியாத பனியன்களுக்கு நடுவில் எப்படி இருப்பது என்று அழுதிருக்கிறாள்.

அவள் அப்படி நின்றுகொண்டிருந்த அந்த வியாழக்கிழமைதான் பால்கனி அவளையும் கொண்டு கீழே இறங்கியது. இறங்கி நின்ற இடம், தெருவில் நிற்பவர்கள் முழங்கையை ஊன்றுவதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. எதிரே காய்கறிப் பையோடு நின்ற ஜெயராணி, பையைப் பால்கனிச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வந்துட்டியா? ரெண்டு வருசமா ஒரு ஜாக்கெட்டு இறுக்கிப் பிடிக்குது, மூச்சு விட முடியல.”

அதிலிருந்து தெருவே மாறிப்போனது. முதல் மாடிப் படிக்கட்டில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதன் கம்பியைக் கழற்றி வாசலாக்கிக்கொண்டார்கள், இரண்டு கல்லைப் போட்டுப் படியாக்கிக்கொண்டார்கள், அந்தப் படியில் கோலம் விழுந்தது. இரண்டாம் மாடியின் கைக்கு இப்போது பூவரச மரம் எட்டியது. நாலாம் மாடிப் பெண்கள் கயிற்றில் கூடை இறக்கிக் கீரை வாங்கினால், கீரைக்காரியின் முகம் தெரிந்தது, வாடிய கீரையை அவளால் தள்ளிவிட முடியவில்லை. ஏசி பெட்டி ஆள் முகத்தில் ஊதுகிறது என்று காசிராஜன் சத்தம் போட, அவற்றைப் பின்பக்கம் மாற்றினார்கள். குழாய்கள் கண்ணெதிரே அசிங்கமாக இருக்கிறது என்று அவர்களுக்கே தோன்றி, மறைத்துக் கொடி படர விட்டார்கள். இருபதடி உயரத்தில் இருந்தவரை யாருக்கும் உறுத்தாத அழுக்கு, கிட்டத்தில் வந்ததும் எல்லாருக்கும் உறுத்தியது. தமயந்தியின் மெஷின் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடியது. நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று அவள் பழையபடி பொய் சொல்ல ஆரம்பித்தபோது எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷப்படாதவர் ஒருவர் உண்டு. சங்கச் செயலாளர் பட்டாபிராமன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலாம் மாடி. அவருடைய கார் உள்ளே மாட்டிக்கொண்டது. கட்டிடம் அதை நசுக்கவில்லை. கோழி குஞ்சுகளை அணைத்துக்கொள்வது மாதிரி இரண்டு கார்களையும் மடித்த கால்களுக்கு இடையில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் ஒரு ஹெட்லைட் தெரியும். அவர் தினமும் குனிந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள்தான் அதன் குணத்தில் இன்னொன்று எங்களுக்குத் தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு கேதம். கொட்டு அடித்துக்கொண்டு பாடை வந்தது. சாவு போகும்போது உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்குவார்கள், அது எங்கள் பக்கத்துப் பழக்கம். பாடை பூவரச மரத்தைத் தாண்டியதும் பொன்மலர் எலிகன்ஸ் சத்தமில்லாமல் எழுந்து நின்றது. நாலு மாடிக் கட்டிடம் எட்டு வீட்டுச் சாமான்களோடும் எழுந்து நின்று, பாடை முக்குத் திரும்புகிற வரைக்கும் நின்று, அப்புறம் உட்கார்ந்தது. பட்டாபிராமன் சாவியைத் தேடிக்கொண்டு நாலு மாடி இறங்கி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கார் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

“மரியாதை தெரிஞ்ச கட்டிடம்யா” என்றார் காசிராஜன்.

மரியாதை தெரிந்த கட்டிடத்தின் மேல் பட்டாபிராமன் மாநகராட்சிக்குப் புகார் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. வாழ்நாள் முழுக்க விதிப்படி நடந்தவர், அவ்வளவுதான். அதை எழுப்பி நிறுத்திக் கொடுங்கள் என்றுதான் கேட்டிருந்தார். பதிலாக வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது: புரட்டாசி இருபதாம் தேதி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அனுமதித்த வரைபடத்தில் உள்ளபடி கட்டிடம் இல்லையென்றால் எல்லாரும் காலி செய்ய வேண்டும், கட்டிடத்துக்குச் சீல் வைக்கப்படும். அதைப் படித்ததும் பட்டாபிராமன் நாலு மாடியும் இறங்கினார். கடிதத்தை எடுத்துக்கொண்டு தமயந்தியின் பால்கனிக்கு வந்து, தெருவில் நின்றபடியே சொன்னார்.

“காரை எடுக்கணும்னுதாம்மா எழுதினேன். வீட்டையே எடுத்துருவாங்க போல.”

“எழுதுறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்” என்றாள் தமயந்தி. அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. மனுஷன் முகம் செத்துப் போயிருந்தது.

இருபதாம் தேதிக்குள் கட்டிடத்தை எழுப்பி நிறுத்த நாங்கள் செய்த கூத்துகளை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. லாரி தூக்கும் ஜாக்கி கொண்டுவந்தோம். வாஸ்து பார்க்கிறவர் வந்து எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசியில் பட்டாபிராமனுக்கே அந்த யோசனை தோன்றியது. நாலு மூங்கிலைக் கட்டிப் பாடை செய்து, படுக்க யாரும் முன்வராததால் ஒரு நீளத் தலையணைக்கு வேட்டி சுற்றி மாலை போட்டு, கொட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் விட்டோம். சவரிமுத்து நிஜமாகவே அழுதார். பொன்மலர் எலிகன்ஸ் அசையவில்லை. அத்தனை ஜன்னல்களாலும் எங்களை ஒரு பார்வை பார்த்தது. நாங்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

இருபதாம் தேதி பிற்பகல், உதவிப் பொறியாளர் சோலைமலை தனியாக, நடந்து வந்தார். ஒரு கையில் சுருட்டிய வரைபடம், இன்னொரு கையில் குடை, தோளில் ஒரு தண்ணீர் பாட்டில். அவரைப் பற்றி முன்பே விசாரித்து வைத்திருந்தோம். இருபத்தாறு வருஷ வேலையில் பார்வையிடப் போன எந்த இடத்திலும் அவர் உட்கார்ந்ததில்லை, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபிக்குப் பின்னால் வேறு ஏதாவது வரும் என்பது அவருடைய கணக்கு. அப்படிப்பட்டவரிடம் என்ன சொல்லித் தப்பிப்பது என்று தெருவே கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

தமயந்தி மட்டும் வேலையை நிறுத்தவில்லை. போகிறது போகட்டும், ஜெயராணிக்குச் சொன்ன ஜாக்கெட்டையாவது முடித்துவிடலாம் என்று, பால்கனிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் ஜெயராணியுமாக அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை முடிந்துவிட்டது. இடது கையைத் தூக்கச் சொன்ன நேரம் சோலைமலை பூவரச மரத்தைத் தாண்டினார். விருந்தாளி வருவதைப் பார்த்ததும் பொன்மலர் எலிகன்ஸ், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றது. டேப்பின் ஒரு நுனி தமயந்தியின் கையிலும் மறு நுனி ஜெயராணியின் கையிலுமாக, ஒருத்தி மேலே போக ஒருத்தி கீழே நின்றாள். டேப்பு விறைத்ததும் ஜெயராணி விட்டுவிட்டாள்.

சோலைமலை நிமிர்ந்து பார்த்தார். வரைபடத்தை விரித்தார். தூண்களை எண்ணினார், உயரம் அளந்தார், மறுபடி அளந்தார்.

“வரைபடத்துல உள்ளபடி இம்மி பிசகாம நிக்குது. இதுக்கா புகார்?” என்றார்.

“ஆமா சார்… இல்ல சார்” என்றார் பட்டாபிராமன். “உட்காருங்க சார். ஒரு வாய்க் காபி…”

“பழக்கமில்லீங்க.” வெயிலில் நின்றபடியே எழுதி, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, தன் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். முக்கு திரும்புகிற வரைக்கும் நாங்கள் மூச்சு விடவில்லை. திரும்பியதும் கை தட்டினோம், காசிராஜன் வண்டியில் ஏறி நின்று விசில் அடித்தார், ஜெயராணி கட்டிடத்தைப் பார்த்து, “போதும்டி, உட்காரு” என்றாள்.

அது உட்காரவில்லை.

அன்றைக்கு உட்காரவில்லை, மறுநாளும் உட்காரவில்லை, புரட்டாசி முடிகிற வரைக்கும் உட்காரவில்லை. பட்டாபிராமன் காரை எடுத்து இரண்டு நாள் ஊரெல்லாம் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், படிவாசலில் நின்று காசிராஜனோடு பேப்பர் செய்திகளைப் பற்றிச் சண்டை போட முடியாமல் அவருக்குப் பொழுதே போகவில்லை. மேலிருந்து சண்டை போட்டுப் பார்த்தார், காது கேட்கவில்லை. கொடி வாடியது. கேட்டில் நோட்டு மறுபடி வந்தது. தமயந்தியின் பால்கனிக்கு யாரும் வரவில்லை; ஜெயராணி மட்டும் கீழே நின்று, “என் இடது கை என்னாச்சு?” என்று கத்துவாள், இவள் மேலிருந்து கையை விரிப்பாள். ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை என்று அண்ணன் போன் செய்தார். மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி.

உறையை எடுக்கும்போதுதான் அவள் டேப்பைக் கவனித்தாள். சுவர் ஆணியில் தொங்கிய டேப்பு, நுனியில் பித்தளைத் தகடு உள்ளது, நேராகத் தொங்க வேண்டியது, கிழக்கே சாய்ந்தது போலச் சுவரை விட்டு விலகி நின்றது. இன்னொரு ஆணியில் மாட்டினாள், அங்கேயும் அப்படியே. டேப்பு சாயவில்லை, வீடுதான் சாய்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கிழக்கு என்பது சோலைமலை வந்த திசை, அவர் திரும்பிப் போன திசை. வாசலில் நின்று, போன விருந்தாளி திரும்பி வருவாரா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி பொன்மலர் எலிகன்ஸ் ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

“வந்த மனுசன் உட்காராம, ஒரு வாய்த் தண்ணி குடிக்காம போயிட்டாரு” என்று அவள் கீழே வந்து எங்களிடம் சொன்னாள். “அது எப்படி உட்காரும்?”

எங்களுக்கு அது உடனே விளங்கியது. இத்தனை பேர் இருந்தும் யாருக்கும் முன்பே விளங்காததுதான் வெட்கம்.

மறுநாள் தமயந்தி சோலைமலையின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கேயும் அவர் நின்றுகொண்டுதான் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், தலையணைப் பாடை உள்பட. அவர் சிரிக்கவில்லை.

“ஏம்மா, நான் வந்து உட்கார்ந்தா அது உட்காரும்ங்கிறீங்க. அது உட்கார்ந்தா நான் சீல் வைக்கச் சொல்லி எழுதணும். எழுதாம இருக்கவும் எனக்குத் தெரியாது.”

“ஞாயித்துக்கிழமை எழுதுவீங்களா சார்?”

அவர் யோசித்தார். “ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல காய்தான் நறுக்குவேன்.”

“அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க. ஆபீசரா வேணாம். ஒரு ஆளா வாங்க.”

“போன இடத்துல உட்கார்றதில்லம்மா. இப்ப அது என்னன்னா, கல்யாண வீட்டுக்குப் போனாலும் நின்னே சாப்பிட்டுட்டு வந்துருறேன். யாரும் இப்ப ‘உட்காருங்க’ன்னு சொல்றதும் இல்ல.” சொல்லிக்கொண்டே அவர் குனிந்து வலது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவர் அறியாமல் செய்தது, தமயந்தி பார்த்துவிட்டாள்.

“ரொம்ப வலிக்குதா சார்?”

“நின்னு நின்னு…” என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். தமயந்திக்கு அந்த நிமிஷம் அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. வேறு எதுவும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வருவாரா மாட்டாரா என்று தெருவுக்குள் அவரவர் ஒன்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, லுங்கியிலும் அரைக்கைச் சட்டையிலும், சந்தைப் பையோடு ஓர் அம்மா பக்கத்தில் வர, சோலைமலை கிழக்கே இருந்து நடந்து வந்தார். தோளில் தண்ணீர் பாட்டில் இல்லை. அதைத்தான் நாங்கள் எல்லாரும் முதலில் பார்த்தோம். சவரிமுத்து தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் பூவரச மர நிழலில் போட்டார். பட்டாபிராமன் நாலு மாடி இறங்கி, எவர்சில்வர் சொம்பில் அவரே தண்ணீர் கொண்டுவந்தார். இஸ்திரிப் பெட்டியில் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சோலைமலை நாற்காலியைப் பார்த்தார், கட்டிடத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் முட்டியில் மாட்டிக்கொண்டு மடங்க மறுத்தது. அவர் மனைவி பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, “உட்காருங்களேன், என்ன வந்துருச்சு இப்ப?” என்றார். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல, முதலில் ஒரு முட்டியும் பிறகு ஒரு முட்டியுமாக மடக்கி, உட்கார்ந்தார். சொம்பை வாங்கி அண்ணாந்து முழுசாகக் குடித்தார். குடித்து முடித்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா” என்றார்.

அதே நேரம் எதிரே பொன்மலர் எலிகன்ஸ் மூன்று தடவை நெட்டி முறித்து, இருபத்து நாலு முட்டியையும் மடக்கி, நாலு மாடியோடும் எட்டுக் குடும்பத்தோடும் இறங்கி உட்கார்ந்து, அதே மாதிரி ஒரு மூச்சு விட்டது. அந்தக் காற்றில் பூவரசம்பூ ஏழெட்டு உதிர்ந்தது. காசிராஜனின் வண்டியில் மடித்து வைத்த சட்டைகள் கலைந்தன, அவர் அதற்குக் கோபிக்கவில்லை. தெருவே அழுதது, சிரித்தது. கார் மறுபடி உள்ளே மாட்டிக்கொண்டது; பட்டாபிராமன் சாவி தன் இடுப்பிலேயே இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதையும் மறந்து, காசிராஜனிடம் அன்றைய பேப்பரைக் கேட்டார்.

பின்பு யாரோ பயந்துகொண்டே கேட்டார்கள், நாளைக்குத் திங்கட்கிழமையாச்சே சார் என்று.

“ஆபீசரா நான் வந்து பார்த்தப்ப நின்னுச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. மறுபடி யாரும் புகார் எழுதினாத்தான் மறுபடி வரணும்” என்றார் சோலைமலை, பட்டாபிராமனைப் பார்த்து. பட்டாபிராமன் வேகமாகத் தலையாட்டினார். “எப்ப வந்தாலும் எழுந்துதான் நிக்கப்போகுது, மரியாதை தெரிஞ்சது. இதே பிளான்ல பைபாஸ் பக்கம் ஒண்ணு இருக்குங்க. நேத்துப் போகையில அதுக்கும் முட்டி லேசா மடங்கின மாதிரி தெரிஞ்சுச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கல.” சொல்லிவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி சந்தைப் பையிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து, முழங்கையை ஊன்றி, பால்கனிச் சுவர்மேல் வைத்தார். “எப்பம்மா கிடைக்கும்?”

“நாளைக்கு” என்றாள் தமயந்தி.

உள்ளே போன் அடித்தது. திருப்பூர் அண்ணனாக இருக்கும். எடுக்க அவள் திரும்பியபோது, தெருக்கோடியிலிருந்து மீன் செதிலோடும் ஈரக் கையோடும் ஜெயராணி ஓடி வந்தாள். பால்கனிக்கு எதிரே மூச்சு வாங்க நின்று, யாரும் சொல்லாமலே இடது கையைத் தோளுக்கு நேராகத் தூக்கினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து டேப்பை எடுத்து, அதன் ஒரு நுனியை அந்தத் தோளில் வைத்தாள்.